ரூம் சித்தப்பா

தஞ்சாவூர்ச் சீமையில் அரசாங்கம் நியமிக்காத பதவிகள் சில உண்டு. கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர், துக்க வீட்டில் யார் யாருக்குத் தகவல் போயிற்று என்று கணக்கு வைத்திருப்பவர், தேர் திரும்புகிற முனையில் நின்றுகொண்டு முட்டுக்கட்டை போடுகிறவரை அதட்டுகிறவர். சம்பளம் கிடையாது, ஆகையால் ஓய்வு பெறும் வயதும் கிடையாது. இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவர் ரூம் சித்தப்பா.

கும்பகோணத்துக்கு பஸ் போகிற எந்த ஊரிலும் இவர் இருப்பார். உங்கள் குடும்பத்தில் மாமாவாகவோ பெரியப்பாவாகவோ இருக்கலாம். முறை மாறும், வேலை மாறாது. நான் கிட்டத்திலிருந்து பார்த்தது திருப்பனந்தாள் ரகம். சென்னை சாலையில் சோழபுரம் தாண்டி, அணைக்கரை வருவதற்கு முன்னால் இருக்கும் ஊர். கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. சட்டைப் பையில் ரூபாய் நோட்டு இருக்கிறதோ இல்லையோ, கும்பகோணத்து லாட்ஜ்களின் விசிட்டிங் கார்டுகள் ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு இருக்கும்.

இப்படி ஒரு பதவி உண்டானதற்குக் கிரகங்கள்தான் காரணம். திருப்பனந்தாளுக்குப் பக்கத்திலேயே சூரியனுக்குச் சூரியனார்கோயில், சுக்கிரனுக்குக் கஞ்சனூர். சந்திரன் திங்களூரில், குரு ஆலங்குடியில், ராகு திருநாகேஸ்வரத்தில், செவ்வாய் வைத்தீஸ்வரன்கோயிலில், புதன் திருவெண்காட்டில், கேது கீழப்பெரும்பள்ளத்தில், சனி பகவான் கொஞ்சம் தள்ளித் திருநள்ளாற்றில். ஒன்பது பேரையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம் என்று அரசுப் போக்குவரத்துக் கழகமே கும்பகோணத்திலிருந்து பஸ் விடுகிறது. ஒரு நாளில் பார்ப்பதென்றால் முதல் நாள் ராத்திரியே வந்து படுத்தாக வேண்டும். சென்னையில் ஒரு ஜோசியர் துண்டுக் காகிதத்தில் ஊர்ப் பெயரை எழுதினால் போதும், திருப்பனந்தாளில் போன் அடிக்கும்.

"சித்தப்பா, நல்லா இருக்கீங்களா? சித்தி எப்படி இருக்காங்க? கும்மோணத்துல ஒரு ரூம் வேணுமே."

சித்தி எப்படி இருக்கிறாள் என்று சொல்வதற்கு நடுவில் இடமே விட்டிருக்க மாட்டார்கள். சித்தப்பா அதையெல்லாம் பாராட்டுவதில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராக விசாரணைக்குள் போய்விடுவார்.

"எந்தக் கிரகம்?"

"ராகு, சித்தப்பா."

"என்னைக்கு வர்றீங்க?"

"திங்கக்கெழம."

"திங்கக்கெழமைன்னா ராகு காலம் காலையில ஏழரைக்கு. அதுக்குள்ள பாலபிஷேகத்துக்குப் போய் நிக்கணும். ஞாயித்துக்கெழமைன்னா சாயங்காலம் நாலரைக்கு மேலதான், சாவகாசமா தூங்கி எந்திரிக்கலாம். ஒரு நாள் முன்னாடி வந்துடு."

சனிக்காரர்கள் கீசர் கேட்டால் இவருக்குக் கோபம் வரும். "விடியக்காலம் நள தீர்த்தத்துல முழுகப்போறவனுக்கு ரூம்ல வெந்நி எதுக்கு?" என்று அந்த வசதியை ஒரேயடியாக அடித்துவிட்டு வாடகையில் இருநூறு குறைப்பார். சுக்கிரனுக்கு வருகிறவர்கள் புதுசாகக் கல்யாணம் ஆனவர்களாக இருந்தால், மாடியில் மூலை அறையாகப் பார்ப்பார், காரணம் சொல்லமாட்டார். அப்புறம் கேள்விகள் வரிசையாக வரும். யாருக்கு முட்டி வலி? யாருக்கு ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிற பழக்கம்? குறட்டை உண்டா, உண்டென்றால் எந்தப் பக்கத்துச் சம்பந்தி? டிரைவர் எங்கே படுப்பார்? கடைசிக் கேள்வியைக் கேட்கிற ஒரே ஆள் இந்த உலகத்தில் இவர்தான் என்று நினைக்கிறேன். கார் வைத்திருக்கிறவர்களுக்கே அது தோன்றுவதில்லை.

போனில் படம் அனுப்புகிறேன் என்று லாட்ஜ்காரர்கள் சொன்னால் ஏற்கமாட்டார். "போட்டோல கொசு விழாது தம்பி." அடுத்த பஸ்ஸில் ஏறிக் கும்பகோணம் போய்விடுவார். மகாமகக் குளத்தங்கரை, நாகேஸ்வரன் கோயில் வீதி, பாலக்கரை என்று அவருடைய ரோந்துக்கு ஒரு பாதை இருக்கிறது. கவுண்டரில் இவர் தலை தெரிந்ததும் மேனேஜர் சாவியை எடுத்துக்கொண்டு தானே எழுந்து வருவார். ரூம் பாயை அனுப்பினால் அவன் அரைமணி நேரம் கழித்துத்தான் திரும்புவான் என்பது அவர் பட்ட அனுபவம்.

சோதனையைப் பார்க்க வேண்டும். கதவைத் திறந்ததும் உள்ளே போகமாட்டார். வாசலில் நின்று மூச்சை இழுப்பார். பினாயில் வாசனை அதிகம் இருந்தால் சந்தேகம். ஊதுவத்தி வாசனை இருந்தால் இன்னும் சந்தேகம். பிறகு சுவிட்சுகள். எல்லா லாட்ஜ் அறையிலும் எதற்கென்றே தெரியாத ஒரு சுவிட்சு உண்டு. போட்டாலும் ஒன்றும் நடக்காது, அணைத்தாலும் ஒன்றும் நடக்காது. "இது எதுக்கு?" என்பார். இதுவரை எந்த மேனேஜரும் பதில் சொன்னதில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியிலேயே மேனேஜர் பாதி இறங்கிவிடுவார்.

குளியலறையில் குழாயைத் திறந்து விரலை நீட்டிக்கொண்டு நிற்பார். வெந்நீர் வர எவ்வளவு நேரமாகிறது என்று மனசுக்குள் எண்ணுகிறார் என்று நினைக்கிறேன், உதடு அசையும். பக்கெட்டுக்குப் பிடி இருக்கிறதா, கோப்பை ஓட்டையா, தாழ்ப்பாள் உள்பக்கம் விழுகிறதா, கதவுக்குப் பின்னால் துணி மாட்ட ஆணி இருக்கிறதா. ஆணி இல்லாத குளியலறையை அவர் மன்னித்ததாகத் தெரியவில்லை. "குளிக்கறவன் வேட்டிய எங்க வைப்பான், வாயில கவ்விக்குவானா?"

கடைசிக் கட்டம் கட்டில். கழுத்துத் துண்டை மெத்தைமேல் விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துவிடுவார். கண்ணை மூடிக்கொள்வார். மேனேஜர் கையில் சாவியோடு நிற்பார். மேலே மின்விசிறி சுற்றும். தூங்கிவிட்டாரோ என்று குனிந்து பார்க்கிற சமயத்தில் குரல் வரும்: "ஃபேன் கடகடங்குது." ஒருமுறை நிஜமாகவே தூங்கிவிட்டார் என்றும், மேனேஜர் அரை நாள் வாடகை கேட்டார் என்றும், அந்த லாட்ஜுக்குச் சித்தப்பா அப்புறம் யாரையும் அனுப்பவில்லை என்றும் சித்தி சொல்வாள். சித்தப்பா இதை மறுக்கிறார்.

'கோபுர தரிசன ரூம்' என்று ஒரு வகை இருக்கிறது. இருநூறு ரூபாய் கூடுதல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஏ.சி. பெட்டி தெரியும். கோபுரம் எங்கே என்றால், குளியலறையில் கவிழ்த்த பக்கெட்டின்மேல் ஏறி நின்று, காற்றுப்போக்கியின் இரண்டாவது சட்டம் வழியாகத் தலையை இடது பக்கம் சாய்த்துப் பார்க்க வேண்டும். சித்தப்பா ஏறியே பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கினார். "கலசம் தெரியுது. அம்பது ரூபா தர்றோம்."

பேரம் பேசுவதில் அவருக்கு ஊர்ப் பெருமை கைகொடுக்கிறது. திருப்பனந்தாள் செஞ்சடையப்பர் கோயிலின் கதை டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். தாடகை என்கிற பக்தை மாலை சாத்தப் போனபோது உடுத்திய ஆடை நழுவ, முழங்கையால் அதைப் பிடித்துக்கொண்டு கையை உயர்த்த முடியாமல் தவித்தாள். சாமி தாமே தலையைச் சாய்த்து மாலையை வாங்கிக்கொண்டார். சாய்ந்த லிங்கத்தை அரசன் யானை கட்டி இழுத்தும் நிமிர்த்த முடியவில்லை. குங்குலியக்கலய நாயனார் வந்து, கயிற்றைத் தம் கழுத்தில் கட்டி இழுத்து நிமிர்த்தினார்.

சித்தப்பா இந்த முழுக் கதையையும் கவுண்டரில் சொல்லுவார். பின்னால் பெட்டியோடு நாலு பேர் காத்திருந்தாலும் யானை வருகிற இடத்தைச் சுருக்கமாட்டார். சொல்லி முடித்துவிட்டு, "சாமியே ஒரு பொம்பளப் புள்ளைக்காகச் சாய்ஞ்சு கொடுத்த ஊர்க்காரன் நான். நீ ஒரு எரநூறு ரூபா சாயக் கூடாதா?" என்பார். மேனேஜர் சாயாவிட்டால் கழுத்துத் துண்டை ஒரு இழுப்பு இழுத்துச் சரிசெய்துகொண்டு நிற்கிற தோரணையில், கலய நாயனாரே ரூம் கேட்டு வந்துவிட்டார் போலிருக்கும்.

வரி என்று ஒரு பேச்சு வந்தால் தனி அத்தியாயம். 2022 ஜூலை வரைக்கும் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் வரையிலான அறைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆகவே 999 என்ற எண்ணின்மேல் சித்தப்பாவுக்கு ஒரு பாசம் இருந்தது. அதன் பிறகு 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பரில் 5 ஆகக் குறைத்தார்கள். இந்த மூன்று கட்டங்களையும் அவர் சோழர், பாண்டியர், நாயக்கர் காலம் மாதிரி பிரித்துப் பேசுவார்.

வாடகை ஏற்ற இறக்கத்துக்கு அவரிடம் இன்னொரு சூத்திரமும் இருக்கிறது. பஞ்சாங்கத்தை வரி விடாமல் படிக்கிறவர்கள் இரண்டே பேர், ஒருவர் புரோகிதர், இன்னொருவர் லாட்ஜ் முதலாளி. குரு வருஷத்துக்கொரு முறை நகர்கிறார், ஆலங்குடிப் பக்கம் அறை கிடைக்காது. ராகுவும் கேதுவும் ஒன்றரை வருஷத்துக்கொரு முறை. சனி இரண்டரை வருஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கும்போது திருநள்ளாற்றிலிருந்து காரைக்கால் வரைக்கும் தலைசாய்க்க இடம் இருக்காது. இதற்கு நடுவில் முகூர்த்த நாள் வந்துவிட்டால் போயிற்று. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் ஆளுக்கு ஐம்பது உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மயிலாடுதுறை வரைக்கும் பிடித்துக்கொள்வார்கள். "கெழவன் கெழவி கல்யாணத்துக்கு எதுக்குடா இவ்வளவு ஏ.சி. ரூம்?" என்று கோபிக்கிறவர், தம்முடைய அறுபதாம் கல்யாணத்தைத் திண்ணையில் வைத்து முடித்தவர்.

கவுண்டரில் பேரேடு நிரப்புகிறபோதும் கூடவே நிற்பார். வந்த ஊர், போகும் ஊர், வந்த காரணம் என்று கட்டங்கள். பெங்களூர்ப் பையன் 'சுற்றுலா' என்று எழுதப்போனால் பேனாவை வாங்கிக்கொள்வார். 'நாக தோஷம்' என்று தெளிவாக எழுதுவார். "பொய் எழுதிட்டுப் போய் சாமி முன்னாடி நின்னா விலகுமா?" அந்தப் பேரேட்டைப் புரட்டினால் தமிழ்நாட்டின் கல்யாணத் தடைகளெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

இவ்வளவுக்கும் கமிஷன் கிடையாது. ஒரு லாட்ஜில் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். வாங்கி, ரூம் பாயிடம் கொடுத்துவிட்டு வந்தார். பஸ் காசுகூட யாரிடமும் கேட்டதில்லை. கேட்காமல் கொடுத்தவர்களும் இல்லை என்பது சித்தி தருகிற உபரித் தகவல்.

இந்த மண்ணில் வந்தவனுக்குப் படுக்க இடம் காட்டுவது பழைய வியாதி. மராட்டிய அரசர்கள் ராமேசுவரம் போகிற சாலை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தம்பாள் சத்திரம் இன்னும் நிற்கிறது. இந்தச் சத்திரங்கள் எப்படி நடக்கின்றன என்று சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லா ஜாதிக்காரருக்கும் சோறு, நோயாளிக்கு வைத்தியம். நடுராத்திரியில் மணி அடித்து, சாப்பிடாமல் தூங்கிப்போனவன் எவனாவது இருந்தால் எழுப்பிச் சாப்பாடு போடுவது அந்தச் சத்திரங்களின் வழக்கம். இப்போதும் லாட்ஜில் எழுப்புகிறார்கள், செக் அவுட் நேரம் ஆகிவிட்டது என்று.

திருப்பனந்தாளுக்கு இதில் கூடுதல் உரிமை. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் காசியில் கேதார கட்டத்தில் மடம் அமைத்தார். அந்த வழியில் வந்த காசி மடத்தின் தலைமையிடம் இந்த ஊர்தான். "காசிக்குப் போறவனுக்கே எடம் போட்டுக் கொடுத்த ஊரு. பதினெட்டு கிலோமீட்டர்ல இருக்கற கும்மோணத்துல நான் ஒரு ரூம் போட்டுக் கொடுக்க மாட்டேனா?" என்று அவர் சொல்லும்போது, மடத்துக்கும் தமக்கும் ஏதோ கிளைத் தொடர்பு இருக்கிற மாதிரிதான் கேட்பவர்களுக்குத் தோன்றும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே உறவுக்காரர்கள் வந்து தங்கியது அவர் வீட்டில்தான். கூடத்தில் வரிசையாகப் பாய். ஆண்கள் திண்ணையில். எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை, அதுவும் கொல்லையில், டார்ச் லைட்டோடு போக வேண்டும். காலையில் மண்ணியாற்றில் குளியல், சித்தி கையால் இட்லி. இப்போது வருகிறவர்களின் பிள்ளைகளுக்குப் பாயில் படுத்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது. ஆற்றில் தண்ணீர் இருக்குமா என்பது மேட்டூரைப் பொறுத்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் சித்தப்பா மாடியில் ஓர் அறை எடுத்தார். அட்டாச்டு பாத்ரூம். கீசர். கதவுக்குப் பின்னால் மூன்று ஆணி. ஒவ்வொரு தடவை போனிலும் கடைசியாக, ரொம்ப சாதாரணமாகச் சொல்வது மாதிரி ஒரு வாக்கியம் வரும்: "வீட்டுலயும் மாடில எடம் இருக்கு."

"உங்களுக்கு எதுக்கு சித்தப்பா வீண் செரமம்!"

"அதுவும் சரிதான்" என்று சொல்லி ரப்பர் பேண்டை அவிழ்த்துக் கார்டுகளைப் பிரிப்பார்.

போன ஜூனில் அவருடைய அதிகார எல்லை கடல் கடந்தது. அண்ணன் மகன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, லீவு போட்டுவிட்டுத் தென்னமெரிக்காவில் பெரு நாட்டுக்குப் போனான். ஆண்டீஸ் மலையில் குஸ்கோ என்கிற ஊர். இன்கா மன்னர்களின் தலைநகர். 1533இல் ஸ்பானியர்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டர் உயரம், தொட்டபெட்டாவைவிட முக்கால் கிலோமீட்டர் மேலே. அங்கே சான் பிளாஸ் என்ற மேட்டுப் பகுதியில் மலிவாக ஒரு லாட்ஜ் பிடித்துவிட்டு, அங்கே சாயங்காலம் ஏழு மணி, இங்கே விடியற்காலை ஐந்தரை, வீடியோவில் கூப்பிட்டான். சித்தப்பா எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவன் மலையைக் காட்ட ஆசைப்பட்டான். சித்தப்பா, "மலை இருக்கட்டும், தலகாணியத் தட்டு" என்றார். தட்டினான். "ரெண்டாவது?" அதையும் தட்டினான். ஹீட்டர் இல்லை, மூன்று கம்பளி கொடுத்திருக்கிறார்கள் என்றான். குளியலறைக்குப் போகச் சொன்னார். ஷவர் தலையிலேயே கரண்டு கம்பி இரண்டு தொங்கிக்கொண்டு போயிற்று. தண்ணீர் வருகிற வழியிலேயே சூடாகிற ஏற்பாடு. அந்த நாடுகளில் மலிவான இடங்களில் அது சகஜம். சித்தப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. "டேய், தொடாத! கை ஈரமா இருக்கா? முதல்ல வெளில வா!"

வெளியே வந்ததும் முற்றம் தெரிந்தது. ஸ்பானியர் காலத்துப் பழைய வீடு, நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தில் அறைகள். சித்தப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "நாலு கட்டு வீடுடா இது! லாட்ஜா ஆக்கிட்டானா?" தாழ்வாரத்து மேசையில் ஃபிளாஸ்கும் ஒரு கூடை இலையும் இருந்தன. கோகா இலை, உயரத்தினால் வருகிற தலைச்சுற்றலுக்கு வெந்நீரில் போட்டுக் குடிப்பார்கள், வருகிறவர்களுக்கு இனாம் என்றான். "பாத்தியா! வந்தவனுக்கு முதல்ல குடிக்கக் கொடுக்கறான். அவன் தொழில் தெரிஞ்சவன்" என்று அந்த ஊர் லாட்ஜ்காரருக்குச் சித்தப்பா மார்க் போட்டார்.

"அந்த ஊர்ல என்ன விசேஷம்?"

"பெரிய சூரியன் கோயில் சித்தப்பா. கொரிகாஞ்சான்னு பேர். ஸ்பானிஷ்காரன் அதுமேல மாதா கோயில் கட்டிட்டான். ஜூன் 24 சூரியனுக்குத் திருவிழா."

"அங்கயும் சூரியனார்கோயிலா? திருவிழா வேறயா? அப்ப ரூம் வெல ஏத்தத்தான் செய்வான். நீ சுக்கிரனுக்குப் போயிருக்கலாம்."

பையன் சளைக்கவில்லை. 1950இல் பூகம்பம் வந்தபோது மேலே இருந்த ஸ்பானியக் கட்டடம் இடிந்தது, கீழே இருந்த இன்காச் சுவர் நின்றது என்றான். சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்திய சுவர். நேராக இல்லாமல் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள், அதனால்தான் நின்றது என்று விளக்கினான்.

சித்தப்பா துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். "சாய்ஞ்சிருக்கா?"

"ஆமாம்."

"அப்ப அவன்கிட்ட நம்ம ஊர்க் கதையச் சொல்லி ரேட்டைக் கொறைக்கச் சொல்லு."

"அந்தம்மாவுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும் சித்தப்பா."

"சாய்ஞ்சு காட்டுடா."

அவன் சாய்ந்து காட்டினானாம். அந்தம்மாள் மலையேறிய மயக்கம் என்று நினைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்காரவைத்து இன்னொரு கோப்பை இலைத்தண்ணீரும் நாலாவது கம்பளியும் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. இதைத் தம்முடைய பேரத்தின் வெற்றி என்றே சித்தப்பா கணக்கில் வைத்திருக்கிறார். கும்பகோணத்து மேனேஜர்களிடம் இப்போது செஞ்சடையப்பர் கதைக்குப் பிறகு குஸ்கோ கதையும் நடக்கிறது. யானை இரண்டுக்கும் பொது ஆகிவிட்டதாகக் கேள்வி.

மகாமகம் 2016 பிப்ரவரி 22இல் நடந்தது, அடுத்தது 2028. அதற்கு அவருடைய நோட்டில் இப்போதே ஒரு பக்கம் ஒதுக்கியாயிற்று. பென்சிலால்தான் எழுதுகிறார். "அதுவரைக்கும் சில பேரை அடிக்க வேண்டியிருக்கும்" என்று விளக்கம் வேறு. மேலே போகிறவர்களைச் சொல்கிறாரா, வராதவர்களைச் சொல்கிறாரா என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. பட்டியலில் பதினோராவதாகப் புது வரி ஒன்று ஏறியிருக்கிறது: 'பெரு அம்மாள், வீட்டுக்காரர், ஆக 2.' அண்ணன் மகன் விளையாட்டாக அழைத்து வைத்தானாம். சித்தப்பா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வாரம் அவனுக்குப் போன் செய்து கேட்டார்:

"அவங்க அவ்வளவு ஒசரத்துல இருந்து வர்றவங்க. தரைத்தளம் ஒத்துக்குமா, இல்ல நம்ம மாடி ரூமைப் போட்டுருவமா?"